வீட்டின் சூட்டை அளக்க ஆள் எங்கே?

ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நட்சத்திரம் ஒட்டிப் பல வருடம் ஆயிற்று. வீட்டுக்கும் ஒட்டலாம் என்று 2019-ல் திட்டம் வந்தது. காரைக்கால் போன்ற கடலோர ஊரின் வாசல்படியை அது ஏன் இன்னும் ஏறவில்லை? ஏற வேண்டுமானால் யாரைத் தயார்செய்ய வேண்டும்?

காரைக்கால் பாரதியார் சாலையில் ஏசி வாங்கப் போகிறவர் முதலில் விலையைக் கேட்பார். அடுத்த கேள்வி, "எத்தனை ஸ்டார்?" மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் இடையில் உள்ள விலை வித்தியாசம் எத்தனை வருடத்தில் கரன்ட் பில்லில் திரும்பி வரும் என்று கடையில் நின்றபடியே மனக்கணக்குப் போடும் அளவுக்கு நம் ஜனங்கள் தேறிவிட்டார்கள்.

அந்த ஏசி போய் உட்காரப்போகும் வீட்டைப் பற்றி இப்படி யாரும் கேட்பதில்லை. மேற்கே பார்த்த படுக்கையறை, தலைக்கு மேல் வெறும் கான்கிரீட் தளம், சன்ஷேட் இல்லாத கண்ணாடி ஜன்னல் என்று மூன்றும் ஒரே அறையில் சேர்ந்துவிட்டால் ஐந்து ஸ்டார் ஏசியும் விடிய விடிய ஓயாமல் ஓடத்தான் செய்யும். ஏசி சில பத்தாயிரம் ரூபாய் சமாச்சாரம், பத்து வருடத்தில் மாற்றிவிடலாம். வீடு பல லட்சம்; ஐம்பது வருடம் அதற்குள்தான் வாழ வேண்டும்.

காரைக்காலின் கோடை திருச்சி, வேலூர் கோடையைப் போன்றதன்று. இங்கே பாதரசம் காட்டும் எண்ணைவிடக் காற்றில் நிற்கும் ஈரம்தான் ஆளை வாட்டுகிறது. வேர்வை காயாது, துவைத்துப் போட்ட சட்டையும் பிசுபிசுக்கும். பிற்பகலில் கடற்காற்று ஏறினால் ஊர் பிழைத்தது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் நாட்களில் கடற்காற்று பொழுது சாயும்வரை கரை ஏறாது. இப்படிப்பட்ட ஊரில் வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது, ஜன்னல் எவ்வளவு திறக்கிறது, மேல்தளம் எவ்வளவு சூட்டை விழுங்குகிறது என்பதெல்லாம் நேராக மின்கட்டணத்தில் போய் முடிகின்றன.

பல்பிலிருந்து வீடு வரை

எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதன்கீழ் எரிசக்தித் திறன் பணியகமான பி.இ.இ. 2002 மார்ச் 1-ல் பிறந்தது. 2006-ல் நட்சத்திர முத்திரையை அது அறிமுகப்படுத்தியது. 2010 தொடக்கத்தில் ஏசி, ஃப்ரிட்ஜ், டியூப் லைட் ஆகியவற்றுக்கு முத்திரை கட்டாயமானது. 2020 ஜனவரி முதல் புது ஏசியை ஆன் செய்தால் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி வந்தது. 2023 ஜனவரியில் சீலிங் ஃபேனும் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தது.

இந்த வரலாற்றில் காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கு ஒரு முன்வரிசை இடம் உண்டு. நாடெங்கும் மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு கொடுத்த உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடமே மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் அதன் முன்னோடியைப் புதுச்சேரியில் நடத்திப் பார்த்துவிட்டது. பழைய குண்டு பல்பைக் கொடுத்துவிட்டுப் பத்து ரூபாய்க்கு ஒரு எல்.இ.டி. பல்பை வாங்கிக்கொள்ளலாம். மீதிப் பணத்தை மிச்சமாகும் மின்சாரத்திலிருந்து எடுத்துக்கொள்வது ஏற்பாடு. 2014-ல் அந்த நிறுவனம் மொத்தக் கொள்முதலில் ஒரு பல்புக்குக் கொடுத்த விலை 310 ரூபாய். இரண்டே வருடத்தில் அது 38 ரூபாய்க்கு இறங்கியது.

பல்பில் வென்றது வீட்டில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. பல்பு தொழிற்சாலையில் பிறக்கிறது. ஒன்றைச் சோதித்தால் லட்சத்துக்கும் அதே மார்க். வீடு அப்படியா? அண்ணனும் தம்பியும் ஒரே மனையைப் பிரித்து, ஒரே மேஸ்திரியை வைத்துக் கட்டினாலும் ஒரு வீடு கிழக்குக் காற்று வாங்கும், இன்னொன்று மேற்கு வெயில் வாங்கும். ஒவ்வொரு வீட்டையும் தனியாக ஒருவர் பார்த்துக் கணக்கிட்டால்தான் மார்க் போட முடியும்.

வீட்டுக்கு மார்க் போடும் விதம்

2018 டிசம்பர் 14, தேசிய எரிசக்திப் பாதுகாப்பு தினத்தில், குடியிருப்புகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பின் முதல் பாகம் வெளியானது. அடுத்து, 2019 பிப்ரவரி 26-ல் வீடுகளுக்கான நட்சத்திர முத்திரை அறிமுகமானது. ஒரு வீடு ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு வருடத்தில் எத்தனை யூனிட் செலவழிக்கும் என்பதுதான் மார்க். அது நாட்டின் தட்பவெப்ப மண்டலத்துக்கு மண்டலம் மாறும். காரைக்கால், வெப்பமும் ஈரமும் சேர்ந்த கடலோர மண்டலத்தில் வருகிறது.

விதித்தொகுப்பின் மூன்று எண்களைப் புரிந்துகொண்டால் போதும், பாதி விஷயம் விளங்கிவிடும்.

முதலாவது, மேல்தளம். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்கும்போது, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பது அளவு. 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது விதி. மேலே எதுவும் போடாத சாதாரண கான்கிரீட் தளத்தில் அது 3-க்கு மேல் போகும். 1,000 சதுர அடித் தளத்தை எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலையும் சேர்த்து மேலுக்கும் கீழுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், வெறும் தளம் வழியாகச் சுமார் 6,000 வாட் உள்ளே இறங்கும். அதை மட்டும் வெளியேற்றவே ஒன்றே முக்கால் டன் ஏசி வேண்டும். விதிப்படி அமைந்த தளத்தில் முக்கால் டன்னுக்கும் குறைவாகப் போதும். இது தோராயக் கணக்குத்தான் என்றாலும், கரன்ட் பில்லின் வேர் எங்கே ஓடுகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

இரண்டாவது, சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம். சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் அது அடங்க வேண்டும். செங்கல்லா, பிளாக்கா, ஜன்னலுக்கு நிழல் உண்டா, கண்ணாடி எந்தத் திசையில் என்பவை இங்கே வருகின்றன.

மூன்றாவது எண் காரைக்காலுக்கு மிக முக்கியம். திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, வீட்டுத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஈரமான கடலோர மண்டலத்துக்குத்தான் இந்த அளவு. வறண்ட வெப்ப மண்டலத்துக்குப் பத்தில் ஒன்று போதும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20 சதுர அடி திறப்பு என்று கணக்கு வரும். இப்போது எல்லாரும் வைக்கும் நாலுக்கு நாலு யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னலைப் பாருங்கள். பரப்பு 16 சதுர அடி. ஆனால் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால்தானே ஒதுங்க வேண்டும்? ஆகவே திறப்பது பாதி, எட்டே சதுர அடி. அதே அளவில் கீல் வைத்த பழைய மரக்கதவு ஜன்னல் ஏறக்குறைய முழுசாகத் திறக்கும். ஸ்லைடிங் ஜன்னலை மாற்றத் தேவையில்லை என்பவர்கள், எண்ணிக்கையை இரட்டிப்பாக்கித்தான் அந்தக் காற்றைத் திரும்பப் பெற முடியும்.

திண்ணை, முற்றம், நாட்டு ஓடு என்று பழைய வீட்டைப் புகழ்வது சுலபம். நாலு பேர் குடும்பம் 800 சதுர அடியில் அடங்க வேண்டிய இன்றைய மனையில் முற்றத்துக்கு இடம் ஏது? ஆனால் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையிலும், கான்கிரீட் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதித்த தளத்திலும் இருந்த அறிவு இன்றைக்கும் செல்லும். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அந்த அடுக்குதான். ஒழுகினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்; சூடு முதல் கோடையிலேயே இறங்கிவிடுகிறது.

சட்டத்தின் சல்லடையில் விழாத வீடுகள்

இவ்வளவு நல்ல விதி இருந்தும் காரைக்காலில் வீடு கட்டுபவர் காதுக்கு ஏன் எட்டவில்லை? அளவுகோலே காரணம். 2018-ன் ஈகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளைக் கருதி எழுதப்பட்டது. அதாவது ஏறக்குறைய 5,400 சதுர அடி. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1-ல் அமலான எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவந்தது. ஆனால் 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான். மாநிலங்கள் விரும்பினால் அந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

சென்னை ஓ.எம்.ஆரில் எழும் அடுக்குமாடிகள் இந்தச் சல்லடையில் விழும். காரைக்கால் அப்படிப்பட்ட ஊர் அன்று. சுமார் 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குப்படி இரண்டு லட்சம் மக்கள். ஒரு நகராட்சி, திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். பெரும்பாலும் தனி வீடுகள். துபாய்ப் பணத்திலும், பிரெஞ்சுப் பென்ஷனிலும், வங்கிக் கடனிலும் ஒவ்வொரு தளமாக ஏறுகிறவை. கீழ்த்தளம் முதலில், மகள் கல்யாணத்துக்கு முன் மாடி, பிறகு அதன்மேல் ஒரு ஷீட் கொட்டகை. சில கிலோவாட் சுமை உள்ள இந்த வீடுகளை எந்தச் சட்டமும் தட்டிக் கேட்காது.

அவற்றில் முடிவெடுப்பவரும் வேறு. புரமோட்டர் கட்டும் அடுக்குமாடியில் ஆர்க்கிடெக்ட் உண்டு, கன்சல்டன்ட் உண்டு. இங்கே ஜன்னல் அளவையும் மேல்தள அடுக்கையும் தீர்மானிப்பவர்கள் மேஸ்திரியும், பிளான் போடும் இன்ஜினீயரும், கடைசி நேரத்தில் "இந்த மாடல்தான் இப்ப போவுது" என்று சொல்லும் ஜன்னல் கடைக்காரரும். முத்திரைத் திட்டம் பேச வேண்டிய ஆட்கள் இவர்கள். இதுவரை யாரும் இவர்களிடம் பேசவில்லை.

பாய்லர் தெரிந்தவர், படுக்கையறை தெரியாதவர்

இந்தியாவில் எரிசக்தித் தணிக்கையாளராக ஒரு தேசியத் தேர்வு எழுத வேண்டும். பி.இ.இ. சார்பில் தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் இதை நடத்துகிறது. முதல் தேர்வு 2004-ல் நடந்தது. நான்கு தாள்கள்: எரிசக்தி மேலாண்மையின் பொது அறிவு ஒன்று, வெப்பச் சாதனங்கள் ஒன்று, மின்சாதனங்கள் ஒன்று. நான்காவது தாள் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவது; ஒரு சாதனம் எவ்வளவு திறமையாக ஓடுகிறது என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். முதல் மூன்றில் தேறியவர் எரிசக்தி மேலாளர், நான்கிலும் தேறியவர் தணிக்கையாளர். பொறியியல் பட்டதாரிக்கு மூன்று வருட அனுபவம் வேண்டும், டிப்ளமோ படித்தவருக்கு ஆறு வருடம்.

பாடத்தைப் புரட்டினால் பாய்லர், உலை, நீராவிக் குழாய், கம்ப்ரஸர், கூலிங் டவர், பம்ப், மோட்டார் என்று போகும். அதற்கு நியாயம் உண்டு. சட்டம் முதலில் குறிவைத்தது ஆலைகளை. 2012-ல் தொடங்கிய பாட் திட்டத்தின் முதல் சுற்றில் எட்டுத் துறைகளின் 478 பெரிய நுகர்வோருக்கு எரிசக்திச் செலவைக் குறைக்க இலக்கு வைத்தார்கள். சிமென்ட், உரம், இரும்பு, அனல்மின் நிலையம் ஆகியவற்றை அளக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

காரைக்காலிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. திருமலைராயன்பட்டினம் பகுதியில் புதுச்சேரி மின்கழகத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000 முதல் ஓடுகிறது. காவிரி டெல்டாவின் பூமியில் எடுக்கும் வாயுவே அதற்கு எரிபொருள். அங்கே கேஸ் டர்பைனையும் கழிவு வெப்பத்தில் ஓடும் நீராவி டர்பைனையும் தணிக்கை செய்யத் தேர்வில் தேறியவர் தகுந்தவர். அதே ஆளை நிரவியில் ஒரு மாடி வீட்டுக்கு அழைத்தால், "மாமி, ராத்திரி ஜன்னலைத் திறந்து வைப்பீர்களா?" என்று கேட்க வேண்டும் என்பது பாடத்தில் இல்லை. வீட்டைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரான்ஸில் தெரிந்தது, இங்கிலாந்தில் சறுக்கியது

1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பாரிஸில் பிள்ளைகளும் பேரன்களும் உள்ள குடும்பங்கள் இன்றும் ஊரெங்கும் உண்டு. அங்கே வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு ஏ முதல் ஜி வரை வண்ணப் பட்டைகள் போட்ட எரிசக்திச் சீட்டு நன்றாகத் தெரியும். 2006-ல் அறிமுகமான அதற்கு 2021 ஜூலையில் சட்ட பலம் வந்தது. சீட்டில் தவறு இருந்தால் வாங்கியவர் வழக்குப் போடலாம். 2025 ஜனவரி முதல் ஜி மார்க் வாங்கிய வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2028-ல் எஃப், 2034-ல் ஈ என்று தடை மேலே ஏறும்.

சட்ட பலம் வந்ததும் ஓட்டையும் தெரிந்தது. பிரெஞ்சு நுகர்வோர் அமைப்புகள் ஒரே வீட்டுக்குப் பல தணிக்கையாளர்களை அடுத்தடுத்து அனுப்பிப் பார்த்தன. ஒருவர் ஒரு எழுத்துப் போட்டார், அடுத்தவர் வேறு எழுத்துப் போட்டார். ஒரு எழுத்து மாறினால் வீட்டின் விலை மாறும், வாடகை நின்று போகும் என்ற நிலையில், அளந்த ஆளின் பயிற்சியே நாட்டுப் பிரச்சினையாயிற்று. பயிற்சியையும் கண்காணிப்பையும் அரசு இறுக்க வேண்டிவந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்கால் துறையிலிருந்தும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கும் 2024 ஜூலையில் இந்தச் சீட்டு கட்டாயமானது. அங்கே வெயில் நம் ஊர் வெயில். குளிர்காய்வதற்காக வகுத்த கணக்கை அப்படியே போட்டால் அர்த்தமில்லை என்பதால் தீவுகளுக்கென்று முறையை மாற்றினார்கள். வாடகைத் தடையையும் அங்கே 2028-க்குத் தள்ளிவைத்தார்கள். ஊருக்கேற்ற கணக்கு வேண்டும் என்பதற்கு நம் உறவுக்காரர்கள் வாழும் அந்தத் தீவுகளே சாட்சி.

காரைக்காலுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் உள்ள தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை ஆண்ட டென்மார்க், இந்த விஷயத்தில் எல்லாருக்கும் முன்னோடி. வீடு விற்பவர் எரிசக்தி முத்திரையைக் காட்ட வேண்டும் என்று 1997-லேயே அங்கே சட்டமாயிற்று. பயிற்சி பெற்ற ஆட்கள்தான் அதைத் தர முடியும்.

இங்கிலாந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு விதம். வீடு விற்பனைக்கு முன் பயிற்சி பெற்ற ஆய்வாளரின் நிலை அறிக்கை கட்டாயம் என்று அரசு அறிவித்திருந்தது. அதை நம்பிப் பலர் கைக்காசு போட்டுப் படித்தார்கள். 2006 ஜூலையில் அரசு பின்வாங்கி, அந்த அறிக்கை கட்டாயமில்லை என்றது. படித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்த வருடம் வந்த எரிசக்திச் சான்று மட்டும் தப்பிப் பிழைத்து இன்றுவரை நடக்கிறது. வேலைக்கு வழிசெய்யாமல் பயிற்சி நடத்தினால் என்ன ஆகும் என்பதை நம் திறன் மேம்பாட்டு மையங்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

காரைக்கால் வீட்டில் ஒரு தணிக்கை

வீட்டுத் தணிக்கை என்றால் என்ன செய்வார்கள்? பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு கிளாம்ப் மீட்டர், தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி, ஈரப்பத மானி, அளவு நாடா போதும். பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

முதல் வேலை, பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளை வரிசையாக அடுக்குவது. இதில் காரைக்காலுக்கு ஒரு வசதி உண்டு. எல்லை தாண்டி நாகூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், காரைக்காலில் மாதாமாதம். மார்கழி மாத யூனிட்டை வைகாசி மாத யூனிட்டிலிருந்து கழித்தால், அந்த வீடு குளிர்ச்சிக்காகச் செலவழிப்பது எவ்வளவு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். நூறு, இருநூறு, முந்நூறு யூனிட் என்று படிப்படியாக ஏறும் கட்டணத்தில், எந்தப் படியில் இடறுகிறோம் என்பதும் புலப்படும். இந்தக் கட்டணத்தை நிர்ணயிப்பது ஹரியானாவின் குருகிராமில் இருக்கும் கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். படிகளை மாற்ற நம்மால் முடியாது, எந்தப் படியில் நிற்பது என்பது ஓரளவு நம் கையில் உண்டு.

இரண்டாவது, விசிறிகள். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். புதுவகை பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி 30 வாட். நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் முதலாவதற்கு மாதம் 36 யூனிட், இரண்டாவதற்கு 14-ஐச் சற்றுத் தாண்டும். கூடத்து விசிறிக்கு இது உடனே பலன் தரும். விருந்தாளி அறை விசிறிக்குத் தராது. எதை மாற்றுவது, எதை விடுவது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் தணிக்கையாளர்.

மூன்றாவது, ஏசி. கடலோரத்தில் வெளி யூனிட்டின் துடுப்புகளில் உப்பு படிந்து அரிக்கும். காற்று புகாமல் கம்ப்ரஸர் திணறும். பெட்டியில் ஒட்டியிருக்கும் யூனிட் கணக்கு, வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓட்டம் என்று வைத்துப் போடப்பட்டது. உப்பு பூத்த துடுப்பு அதில் சேராது. முத்திரை எந்த ஆண்டுக்கானது என்பதையும் பார்க்க வேண்டும். 2022-லும் 2026-லும் அளவுகோலை உயர்த்தினார்கள். பழைய ஐந்து ஸ்டார் புதுக் கணக்கில் ஐந்தாக நிற்பதில்லை. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. ஈரமான ஊரில் 26 டிகிரியோடு விசிறியும் மெதுவாகச் சுற்றினால் உடம்புக்குப் போதும்.

நான்காவது, தளம். பிற்பகல் நாலு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை படுக்கையறைக் கூரையின் சூட்டை அளக்க வேண்டும். பகலில் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவில்தான் கக்குகிறது. கோடையில் ஜனங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவது இதனால்தான். வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ், சூட்டைத் திருப்பும் பெயின்ட், பந்தல் என்று எது அந்த வீட்டுக்கும் பணப்பைக்கும் பொருந்தும் என்று அப்போது சொல்லலாம். மேலே சோலார் தகடு வைக்க நினைப்பவருக்கும் இது உதவும். 2024-ல் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தேவையைக் குறைத்துவிட்டுத் தகடு வாங்கினால் சின்னதாக வாங்கலாம்; தகட்டின் நிழலே தளத்துக்கு ஒரு குடையாகவும் ஆகும்.

ஐந்தாவது, எந்தச் சூத்திரத்திலும் வராத கொசு. வாய்க்கால்களும் வயல்களும் சூழ்ந்த டெல்டாவில் ஆறு மணிக்கு ஜன்னல்கள் சாத்தப்படுகின்றன. கடற்காற்று நன்றாக வீசும் நேரமும் அதுதான். விதிப்படி ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வைத்த வீடு, கணக்கில் முதல் மார்க் வாங்கிவிட்டு நடப்பில் புழுங்கிக்கொண்டிருக்கும். அங்கே தணிக்கையாளர் எழுத வேண்டிய முதல் பரிந்துரை கொசுவலை அடித்த ஜன்னல் சட்டம். சில ஆயிரம் ரூபாய் வலை, ஏசியை இரவில் பல மணி நேரம் நிறுத்திவைக்கக்கூடும்.

முத்திரைக்கான மார்க், வீட்டில் இருப்பவர்கள் இப்படித்தான் வாழ்வார்கள் என்ற அனுமானத்தில் போடப்படுவது. உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்பது வீட்டுக்குள் போய்ப் பேசினால்தான் தெரியும்.

யாருக்குப் பயிற்சி, யாருக்கு முதலில்?

தேசியத் தேர்வு எழுதியவர்களைக் காரைக்கால் தெருத்தெருவாக அனுப்புவது நடக்காது. ஒரு வீட்டில் மிச்சமாகும் தொகையிலிருந்து அவர் சம்பளத்தைக் கொடுக்க முடியாது. வீட்டளவில் வேலைபார்க்க இன்னொரு நிலை ஆட்கள் தேவை. வயரிங் தெரிந்த ஐ.டி.ஐ. பையன், சிவில் டிப்ளமோ படித்த பெண், ஏசி மெக்கானிக், அனுபவமுள்ள மேஸ்திரி. இவர்களுக்கு நாலு தாள் தேர்வு வேண்டாம்; நேரில் வீடுகளைப் பார்த்து, ஒரு வீட்டை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, விடை ஒத்துவருகிறதா என்று சோதிக்கும் பயிற்சி வேண்டும். பிரான்ஸ் தாமதமாகக் கற்ற பாடம் அது.

இதற்கான இடங்கள் ஊரிலேயே இருக்கின்றன. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி., நெடுங்காட்டில் காமராஜர் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று கற்றுத்தர ஆள் உண்டு. வீட்டு பிளானுக்கு ஒப்புதல் தரும் நகர அமைப்புக் குழுமம் ஒன்று. ரசீது வைத்திருக்கும் மின்துறை ஒன்று. பெரிய மாநிலத்தில் பத்து மாவட்ட அலுவலகங்கள் ஒத்துழைக்க வேண்டிய காரியத்தை இங்கே ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிக்கலாம். வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதியை முதலில் அறிவிக்கை செய்த சில பகுதிகளில் புதுச்சேரியும் உண்டு. 100 கிலோவாட் வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்கு முன்பே, புது வீட்டு பிளானோடு மேல்தள அடுக்கும் ஜன்னல் திறப்பும் குறித்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கலாம். அந்த ஒரு பக்கத்தைப் பயிற்சி பெற்றவர்தான் நிரப்ப வேண்டும் என்றால், இங்கிலாந்தில் நடந்ததுபோல் படித்தவர்கள் வேலையின்றி நிற்க மாட்டார்கள்.

முதல் நூறு வீடுகள் எவை என்பதையும் சொல்லிவிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட கான்கிரீட் குடியிருப்புகளிலிருந்து தொடங்க வேண்டும். கடலிலிருந்து காலையில் கரை திரும்பி, பகலில் தூங்க வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். உச்சி வெயிலில் வெறும் தளத்தின்கீழ் அவர்களுக்குத் தூக்கம் எப்படி வரும்? ஏசி வாங்க வசதியில்லாத வீட்டில் தணிக்கை எதற்கு என்று கேட்கலாம். அங்கே மிச்சமாவது யூனிட் அன்று, உடம்பு. ஐந்து ஸ்டார் வாங்கத் துடிக்கும் புது பங்களா எப்படியும் ஒரு கன்சல்டன்ட்டைப் பிடித்துக்கொள்ளும். அரசு தன் செலவில் அனுப்பும் முதல் தணிக்கையாளர் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி மீனவக் கிராமங்களுக்குப் போகட்டும்.